சரிவில் நட்ட ஓம்னி ஆன்டெனா: பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செய்து பார்த்தது

இலங்கை மலைநாட்டில் வைஃபை ஆன்டெனா தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது "இது எத்தனை டிபி?" என்பதைத்தான். டிபி என்பது டெசிபல், ஆன்டெனா அலையை எத்தனை பலமாக விடும் என்பதன் அளவு. எண் கூடினால் தூரமும் கூடும் என்ற கணக்கு. சமதரையில் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரிதான். மேலும் கீழுமாக லயங்கள் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்) இருக்கிற சரிவில் அது பொருந்தாமல் போகலாம். 2021இல் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்துக்காக மலிவான சாமான்களைக் கொண்டு சுற்றிவர எல்லாப் பக்கமும் அலை விடும் ஓம்னி ஆன்டெனாக்களை இரண்டு விதமாகக் கட்டி, ஒரே கம்பத்தில் மாற்றி மாற்றி வைத்து ஒப்பிட்டோம். அளவு, சாமான், அளவீடு எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரிச் சரிவில் இருப்பவர்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

இடமும் தேவையும்

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பாடசாலைகள் இடையில் திறந்து, 2021 ஏப்ரல் கடைசியில் மறுபடி மூடின. பாடங்கள் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு போன் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தாலும் லயத்தில் சிக்னல் இல்லை. டவர் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். சாதாரண தரம், உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் தேயிலை மலையின் உச்சிக்கு ஏறி, பாறையில் குடையைப் பிடித்துக்கொண்டு பாடம் கேட்டார்கள். மழை நாளில் அட்டைக்கடி வேறு. பொம்பளைப் பிள்ளைகளை அந்தி நேரத்தில் மேலே அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆகவே பாதிப் பேர் படிப்பை அப்படியே விட்டிருந்தார்கள்.

தோட்டத்தில் ஒரே ஒரு கட்டடத்துக்கு மட்டும் மலை இடுக்கு வழியாக டவர் தெரிந்தது. அதுதான் பிள்ளைமடுவம், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். அதன் பின் ஜன்னலில் 4ஜி நன்றாகவே வந்தது. கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்து 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். மாதக் கட்டணத்தை வீட்டுக்குவீடு பகிர்ந்துகொள்ளத் தோட்டத் தலைவர் ஒழுங்கு செய்தார். ஆனால் பிள்ளைமடுவத்துச் சுவர் கருங்கல், கூரை தகரம். உள்ளே வைத்த ரவுட்டரின் வைஃபை வாசலைத் தாண்டியதும் செத்துவிடும். அங்கேதான் வேலை ஆரம்பித்தது.

லயங்கள் இருந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது எல்லாம் அதைப் பொறுத்தது. பிள்ளைமடுவம் சரிவின் நடுவில். அங்கிருந்து கீழே 60 மீட்டர் தள்ளி, 20 மீட்டர் இறக்கத்தில் பணிய லயம். மேலே 50 மீட்டர் தள்ளி, 15 மீட்டர் ஏற்றத்தில் மேட்டு லயம். மலையை ஒட்டி அதே மட்டத்தில் 150 மீட்டர் போனால் ரோட்டு லயம். ஓடைக்கு அந்தப் பக்கம், எதிர்ச் சரிவில், ஏறத்தாழ அதே மட்டத்தில் 200 மீட்டர் தள்ளி இரண்டு புது வீடுகள். நாலா பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் ஆன்டெனா என்றால் நாலு வேண்டும், நாலு ரவுட்டர் வேண்டும். அதனால்தான் ஓம்னி.

கையில் இருந்த சாமான்

என் கடையில் ஆன்டெனா குச்சி உடைந்த பழைய வைஃபை ரவுட்டர் ஒன்று கிடந்தது. பின்னால் இரண்டு ஆன்டெனா முனைகள் உள்ள ரகம். 4ஜி ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்து இதோடு இணைத்து, இதன் வைஃபையை மட்டும் வெளியே கொண்டுபோவது என்று தீர்மானித்தோம். 4ஜி ரவுட்டர்களில் கழற்றக்கூடிய ஆன்டெனாக்கள் பல மாடல்களில் டவரோடு பேசுவதற்கானவை, வைஃபைக்கானவை அல்ல. அதில் வைஃபை ஆன்டெனாவை மாட்டிப் பயனில்லை.

மற்றவை: வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 1/1.13 செப்புக் கம்பி, நாலு மூலையிலும் துளை உள்ள என்-டைப் சொக்கட், பழைய கணினி நெட்வொர்க்கிலிருந்து கழற்றிய ஆர்ஜி-58 கேபிள் (நடுக் கம்பியைச் சுற்றிச் செப்பு வலை உள்ள கோஅக்சியல் கேபிள்), ஒரு பழைய ரேடியோ ஏரியல், அரை அங்குல எஸ்லோன் (பிவிசி) குழாய், கைவிட்ட டிஷ் ஒன்றின் ஸ்டாண்ட். மலையகத்தில் லயத்துக்கு லயம் டிஷ் இருப்பதால் பழைய ஸ்டாண்டுக்குப் பஞ்சமே இல்லை. காசு கொடுத்து வாங்கியது சொக்கட்டும் ரவுட்டரில் மாட்டும் இரண்டு குட்டை இணைப்பு வயர்களும்தான். 2021 மார்ச்சில் தோட்ட நாட்சம்பளம் 1,000 ரூபா ஆகியிருந்தது. ஆன்டெனாக்களுக்கு ஆன மொத்தச் செலவு இரண்டு நாள் சம்பளத்துக்குள் அடங்கியது.

இணைப்பு வயர் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரவுட்டர்களில் இருப்பது பெரும்பாலும் ஆர்பி-எஸ்எம்ஏ என்ற திருகு முனை. சாதாரண எஸ்எம்ஏ அதில் திருகினால் நன்றாகப் போய் உட்காரும், ஆனால் நடுவில் இரண்டு பக்கமும் துளையாகவோ இரண்டு பக்கமும் ஊசியாகவோ இருக்கும். துளையும் துளையும் சந்தித்தால் தொடர்பே இருக்காது. வாங்குமுன் நடு ஊசியைப் பார்த்து வாங்குங்கள்.

கேபிளைக் குறைப்பது முதல் வேலை

ஆன்டெனாவைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேபிளைப் பற்றிப் பேச வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 ஒரு மீட்டருக்குச் சுமார் ஒரு டெசிபல் தின்றுவிடும். பத்து மீட்டர் இழுத்தால் பத்து டெசிபல், அதாவது ரவுட்டர் விடும் சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும். நாம் கட்டப்போகும் ஓம்னிகளால் அந்த நட்டத்தை ஈடு செய்ய முடியாது. டிஷ்ஷுக்கு இழுக்கும் ஆர்ஜி-6 இதைவிட நல்லது, அதே தூரத்துக்கு நாலு டெசிபல் அளவுதான் போகும். அதன் மறிப்பு (அலைக்குக் காட்டும் தடை) 75 ஓம், ரவுட்டருடையது 50 ஓம் என்று பலர் பயப்படுவார்கள். அந்தப் பொருத்தமின்மையால் திரும்பி வருவது 4 சதவீதம்தான், பொருட்படுத்த வேண்டியதில்லை. உண்மையான சிரமம் அந்தத் தடித்த கேபிளுக்கு ஏற்ற முனைகள் கிடைப்பதுதான்.

நாங்கள் இந்தப் பிரச்சினையையே தவிர்த்துவிட்டோம். ரவுட்டரை ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, கூரை விளிம்புக்குக் கீழே கம்பத்தின் அடியிலேயே மாட்டினோம். உள்ளேயிருந்து வருவது லேன் கேபிளும் மின்சார வயரும் மட்டும். ஆன்டெனா வயர் கை நீளத்துக்கும் குறைவு. இந்த ஒரு மாற்றமே வேலையில் பெரும்பாதி. தகரக் கூரைக்கு மேலே, வெளியே, கேபிள் இல்லாமல் நிற்கும் சின்ன ஆன்டெனாவை, உள்ளே இருக்கிற எந்த விலையுயர்ந்த ஆன்டெனாவாலும் வெல்ல முடியாது.

ரவுட்டரின் சக்தியை மட்டும் கூட்டினால் என்ன என்று உதவிக்கு நின்ற தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ரவுட்டர் சத்தமாகப் பேசினால் போனுக்குக் கேட்கும், ஆனால் போன் மெதுவாகச் சொல்லும் பதில் ரவுட்டருக்குக் கேட்காது. ஆன்டெனா நல்லதென்றால் பேசுவதும் கூடும், கேட்பதும் கூடும். சக்தியைக் கூட்டாமல் ஆன்டெனாவில் கை வைப்பதற்குக் காரணம் அதுதான்.

முதல் ஆன்டெனா: கால் அலைக் கம்பி

வைஃபை சேனல் 6இன் நடு அதிர்வெண் 2437 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 123 மி.மீ., கால் அலை 30.7 மி.மீ. கம்பியின் தடிப்பால் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்பதால் 30 மி.மீ. வைத்தோம். இந்த அளவு சொக்கட்டின் உலோக முகத்திலிருந்து கம்பி நுனிவரை. நடு ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியும் இதில் சேரும்.

சொக்கட்டின் நாலு மூலைத் துளைகளிலும் அதே கம்பியில் 32 மி.மீ. துண்டுகளைத் திருகாணியால் இறுக்கி, கீழ்நோக்கி 45 பாகை வளைத்தோம். இந்த வளைவுக்கு ஒரு காரணம் உண்டு. நாலு கால்களும் படுத்த நிலையில் இருந்தால் ஆன்டெனாவின் மறிப்பு 36 ஓம் பக்கத்தில் நிற்கும். 45 பாகை இறக்கினால் 50 ஓமுக்கு வந்துவிடும், ரவுட்டருக்குப் பொருந்தும். செய்ய ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும். ஒரு மி.மீ. கூடக் குறைய இருந்தாலும் பெரிதாகக் கெடாது. முதன்முதலில் ஆன்டெனா கட்டுகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது: எட்டுத் துண்டு ஆர்ஜி-58

இதற்குத்தான் பொறுமை வேண்டும். கோஅக்சியல் கேபிளை அரை அலைத் துண்டுகளாக வெட்டி, ஒன்றின் நடுக் கம்பியை அடுத்ததன் வலையோடும், வலையை அடுத்ததன் நடுக் கம்பியோடும் மாற்றி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் வெளிப்புறமும் ஒரே கட்டத்தில், அதாவது ஏற்ற இறக்கம் ஒத்துப்போகும்படி, அலையை விடும், எட்டும் சேர்ந்து பக்கவாட்டில் பலமாகப் போகும்.

கேபிளுக்குள் அலை மெதுவாகப் போகிறது. ஆர்ஜி-58இல் வெட்டவெளி வேகத்தின் 0.66 பங்கு. அரை அலை வெளியே 61.5 மி.மீ. என்றால் கேபிளுக்குள் 40.6 மி.மீ. ஒரு இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புவரை அந்த நீளம் வர வேண்டும். நடுக் கம்பியைப் பற்றவைக்க இரண்டு பக்கமும் சில மி.மீ. விட்டுத்தான் வெட்ட வேண்டும். பலகையில் ஆணி அடித்து அளவுச் சட்டம் ஒன்று செய்துகொண்டால் எட்டும் ஒரே அளவில் வரும். எட்டிலும் ஒரு மி.மீ. பிசகினால் பிழை ஒவ்வொரு துண்டிலும் கூடிக்கொண்டே போய், அலை விரியும் தட்டு சுமார் 2 பாகை மேலேயோ கீழேயோ திரும்பிவிடும்.

வெட்டுமுன் கேபிளின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, அரைகுறையாக ஒளி ஊடுருவும் நிறத்தில் இருந்தால் 0.66 சரி. வெள்ளையாக, நகம் பதிகிற நுரை என்றால் வேகம் 0.8க்கு மேல். அப்போது துண்டு 50 மி.மீ. பக்கம் வரும். இணையத்தில் கிடைக்கும் அளவைப் பார்த்து நுரைக் கேபிளை 40 மி.மீ. வெட்டினால் அது ஆன்டெனாவே இல்லை.

உச்சியில் 31 மி.மீ. செப்புக் கம்பி. அடியில், கேபிளின் வெளிப்புறம் வழியாக அலை கீழே வடியாமல் தடுக்க ஒரு பித்தளை உறை. ரேடியோ ஏரியலின் அடித்துண்டில் 30 மி.மீ. வெட்டி, மேலே உள்ள நிக்கல் பூச்சை அரத்தால் சுரண்டி, மேல் வாயைத் திறந்தபடி விட்டு, கீழ் முனையை மட்டும் வலையோடு பற்றவைத்தோம். பற்றவைக்கும்போது கையைச் சுறுக்காக எடுக்க வேண்டும், உள் பிளாஸ்டிக் உருகி நடுக் கம்பி வலையைத் தொட்டுவிட்டால் அந்தத் துண்டு வீண். ஒவ்வொரு இணைப்பு முடிந்ததும் மல்டிமீட்டரில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனோம். முழுவதையும் எஸ்லோன் குழாய்க்குள் இறக்கி, மேலே மூடி போட்டோம்.

அளந்தது எப்படி

எங்களிடம் ஆன்டெனா அளக்கும் கருவி கிடையாது. போனில் வைஃபை பலத்தை டிபிஎம் கணக்கில் காட்டும் இலவச ஆப் ஒன்றுதான். கையில் பிடித்தால் உடம்பு மறைக்கும், ஆறு சென்டிமீட்டர் நகர்த்தினாலும் தகரத்தில் பட்டு வரும் அலையால் எண் மாறும். அதனால் ஒவ்வொரு லயத்தின் இஸ்தோப்பிலும் (முன் திண்ணையிலும்) ஒரே இடத்தில் மர முக்காலி வைத்து, அதன் மேல் போனை வைத்து, கொஞ்சம் கொஞ்சம் நகர்த்திக் கிடைத்த எண்களின் நடுவாந்திரத்தை எடுத்துக்கொண்டோம். ஆன்டெனாவை மாற்றியதும் அதே முக்காலி, அதே போன். எண்கள் கழித்தல் குறியோடு வரும்: -65 என்றால் வீடியோ ஓடும், -75 என்றால் பாடம் கேட்கலாம், -80ஐத் தாண்டினால் தொட்டுத் தொட்டு விட்டுப்போகும்.

கால் அலைக் கம்பியோடு பணிய லயத்தில் -70 பக்கம் வந்தது. மேட்டு லயத்திலும் கிட்டத்தட்ட அதுவே. ரோட்டு லயத்தில் இடையில் சவுக்கு மரங்கள் இருந்ததால் -76. ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் -75. எங்கும் பிரமாதம் இல்லை, எங்கும் மோசமும் இல்லை.

எட்டுத் துண்டை நேராக நிமிர்த்தி வைத்தோம். ரோட்டு லயத்தில் -71க்கு ஏறியது, எதிர் வீடுகளில் -70. ரோட்டு லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். பணிய லயத்துக்குப் போனால் -82! பக்கத்தில் இருப்பவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது, தூரத்தில் இருப்பவர்களுக்குக் கிடைத்தது. மேட்டு லயத்திலும் அதே கதை. "அண்ணே, இது பெரிய ஆன்டெனாதானே, ஏன் கிட்ட இருக்கிறவங்களுக்கு இல்ல?" என்று அந்தத் தம்பி கேட்டான். இந்த ஆய்வே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஏன் அப்படி ஆனது

ஓம்னி ஆன்டெனா எல்லாத் திசைக்கும் விடும் என்பது கிடைமட்டத்தில் மட்டும் உண்மை. கால் அலைக் கம்பி விடும் அலையின் வடிவம் உளுந்து வடை மாதிரி: நடுவில் ஓட்டை, சுற்றிலும் தடிப்பு. டிபியைக் கூட்டுவது என்றால் அந்த வடையைக் கையால் அழுத்துவது. மாவு கூடாது, பக்கவாட்டில் விரியும், தடிப்பு குறையும். எட்டுத் துண்டு ஆன்டெனாவின் நீளம் 36 சென்டிமீட்டர் அளவு, அதாவது ஏறக்குறைய மூன்று அலைநீளம். அந்த நீளத்துக்கு அலைத் தட்டின் தடிப்பு 17, 18 பாகைதான். கிடைமட்டத்துக்கு மேலே ஒன்பது, கீழே ஒன்பது. அதைத் தாண்டி 20 பாகை அளவில் அலை அறவே இல்லாத ஓர் இடைவெளி வரும்.

இப்போது பணிய லயத்தைப் பாருங்கள். 60 மீட்டருக்கு 20 மீட்டர் இறக்கம் என்றால் 18 பாகைக்குக் கொஞ்சம் மேல். மேட்டு லயம் 50க்கு 15, கிட்டத்தட்ட 17 பாகை. இரண்டு லயமும் அந்த வெறும் இடைவெளியின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தன. அலை பணிய லயத்தின் கூரைக்கு மேலால் போய் எதிர் மலையில் விழுந்தது. கால் அலைக் கம்பிக்கு அதே 18 பாகையில் குறைவது ஒரு டெசிபலுக்கும் உள்ளேதான். அதனால்தான் சின்ன ஆன்டெனா அங்கே பெரியதைவிடப் பன்னிரண்டு டெசிபல் முன்னால் நின்றது. பன்னிரண்டு டெசிபல் என்றால் பதினாறு மடங்கு.

கடையில் ஒன்பது டிபி, பன்னிரண்டு டிபி என்று விற்கும் நீளக் குச்சிகள் இன்னும் மெல்லிய தட்டு. தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் லயங்கள் இதைவிடச் செங்குத்தாக இருக்கிற இடங்கள் உண்டு. அங்கே அவற்றை வாங்கி நிமிர்த்தி நட்டால் காசு கொடுத்துக் கவரேஜைக் குறைத்துக்கொள்வதாக முடியும். இதை யாரும் பெட்டியில் எழுதுவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

சாய்த்து வைத்தது

கால் அலைக் கம்பியோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரோட்டு லயத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர், -76 என்பது மழையில் தாங்காது. மழைத்துளி இந்த அலையைப் பெரிதாகத் தடுக்காது. நனைந்த இலைதான் தடுக்கும். தென்மேல் பருவமழை மே மாதம் தொடங்கிவிட்டால் சவுக்கு மரம் காயவே காயாது.

அப்போதுதான் சரிவையே பயன்படுத்தலாம் என்று தோன்றியது. ஆன்டெனாவை நிலத்துக்கு நேராக நிமிர்த்தாமல், மலைச் சரிவுக்குச் செங்குத்தாக வைத்தால்? உச்சியைப் பள்ளத்தின் பக்கம் 18 பாகை சாய்த்தால், தட்டின் ஒரு விளிம்பு கீழே பணிய லயத்தின் மேல் விழும், எதிர் விளிம்பு மேலே மேட்டு லயத்தை நோக்கி எழும். மலையை ஒட்டிப் பக்கவாட்டில் இருக்கும் ரோட்டு லயத்துக்கு ஒன்றும் மாறாது, ஏனென்றால் சாய்வின் அச்சு அந்தத் திசைதான். தட்டு சரிவின் மேல் ஒரு பாய் போலப் படுத்துவிடும். சாய்ந்த அலையைப் பக்கவாட்டில் நிமிர்ந்த ஆன்டெனா வாங்கும்போது இழப்பு அரை டெசிபல்கூட இல்லை.

சாய்க்க எதையும் புதிதாகச் செய்யவில்லை. டிஷ்ஷை ஏற்றி இறக்கும் கிளாம்பு பழைய ஸ்டாண்டில் இருந்தது. அதில் குழாயைப் பூட்டி, போனில் சாய்வு காட்டும் ஆப்பை வைத்து 18 பாகைக்கு இறுக்கினோம். பணிய லயம் -65. மேட்டு லயம் -66. ரோட்டு லயம் -71 அப்படியே. பணிய லயத்துத் தொங்கல் காம்பராவில் (கடைசி வீட்டில்), கதவைச் சாத்திக்கொண்டும் பாடம் ஓடியது.

எதிர் வீடுகள் இரண்டும் போய்விட்டன, -86. அவை பள்ளத்தின் பக்கம், ஆனால் நம் மட்டத்தில் இருக்கின்றன. தட்டு அந்தத் திசையில் 18 பாகை கீழே இறங்கிவிட்டது. சாய்க்கும் வழி எல்லோரும் ஒரே சரிவில் இருந்தால்தான் முழுமையாகப் பலிக்கும். பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் வீடுகள் இருந்தால் யாராவது ஒரு பக்கம் விடுபடுவார்கள்.

இங்கே ரவுட்டரின் இரண்டாவது முனை கை கொடுத்தது. முதல் முனையில் சாய்ந்த எட்டுத் துண்டு, இரண்டாவது முனையில் நிமிர்ந்த கால் அலைக் கம்பி. இந்த வகை ரவுட்டர்கள் இரண்டு ஆன்டெனாவிலும் கேட்பதைச் சேர்த்துக்கொள்ளும். எது ஒரு போனுக்கு நன்றாகக் கேட்கிறதோ அது தாங்கும். சக்தி இரண்டாகப் பிரிவதால் கொஞ்சம் குறையத்தான் செய்தது: எதிர் வீடுகளில் -78, பணிய லயத்தில் -67. இரண்டு வீட்டுக்காரர்களும் போனை ஜன்னலில் வைத்தால் பாடம் கேட்கலாம் என்ற நிலை. அதுவே கடைசி அமைப்பு. இரண்டு ஆன்டெனாவுக்கும் இடையில் அரை மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டோம், இரண்டும் இரும்புக் கம்பத்தின் நுனியைத் தாண்டி நிற்கின்றன. கம்பத்தை ஒட்டிப் பக்கத்தில் கட்டினால் கம்பம் ஒரு பக்கத்தை மறைத்துவிடும், ஓம்னி என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

மழை, மின்னல், சட்டம்

மலைநாட்டில் ஆன்டெனாவைக் கொல்வது ஈரம். சொக்கட்டின் அடியில் இணைப்பைச் சுற்றி ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரணக் கறுப்பு டேப். சிலிக்கன் பூசுகிறவர்கள் முகர்ந்து பார்த்து வாங்க வேண்டும். வினாகிரி வாடை வீசும் ரகம் காயும்போது விடும் அமிலம் செப்பை அரித்துப் பச்சையாக்கிவிடும். வாடை இல்லாத ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். குழாயின் அடியை முழுக்க அடைக்கக் கூடாது. இரவுக் குளிரில் உள்ளே வியர்க்கும் நீர் வடிய ஒரு சின்ன ஓட்டை வேண்டும்.

மின்னலை லேசாக எடுக்க வேண்டாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி பயங்கரம். அது பிள்ளைகள் இருக்கிற கட்டடம். கம்பத்தை அங்கே இருந்த மரங்களைவிட உயரமாக விடவில்லை. கம்பத்திலிருந்து தடித்த செப்பு வயரை வளைவு இல்லாமல் நேரே இறக்கி, ஈர மண்ணில் அடித்த எர்த் கம்பியோடு இணைத்தோம். இருந்தாலும் நேரடி இடியை அது தாங்கும் என்று யாரும் நம்பக் கூடாது. வானம் கறுத்தால் ரவுட்டரின் பிளக்கையும் லேன் கேபிளையும் கழற்றிவிடும்படி ஆயம்மாவிடம் சொல்லி, சுவரிலும் எழுதி ஒட்டினோம்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். இலங்கையில் வானொலி அலையை விடும் கருவிகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருகின்றன, அதைப் பார்ப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. வைஃபை அலைவரிசையில், ரவுட்டர் கொடுக்கும் சக்தியோடு நின்றோம். இடையில் பெருக்கி எதையும் போடவில்லை. டவர் சிக்னலையே பெருக்கி விடும் பூஸ்டர்கள் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. அனுமதி இல்லாமல் அவற்றைப் போடாதீர்கள். அது டவரையே குழப்பி, பள்ளத்தாக்கு முழுவதற்கும் சிக்னலைக் கெடுக்கும்.

இதே வேலையைச் செய்யப் போகிறவர்கள் கம்பி வாங்குமுன் ஆன்டெனா நிற்கப்போகும் இடத்தில் நின்று, போனில் சாய்வு ஆப்பைத் திறந்து ஒவ்வொரு லயத்தின் வாசலையும் குறி பார்த்து, பாகையை எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் பத்துக்குள் இருந்தால் எட்டுத் துண்டு நிமிர்ந்தே நிற்கலாம். ஒரே சரிவில் மேலும் கீழும் இருந்தால் சாய்த்துப் பாருங்கள். கண்ட கண்ட பக்கம் ஏற்ற இறக்கமாகச் சிதறிக் கிடந்தால் கால் அலைக் கம்பியைத் தாண்டி எதுவும் வேண்டாம்.

2021 ஒக்டோபரில் சிறிய பாடசாலைகள் முதலில் திறந்தபோதும் அமைப்பை யாரும் கழற்றவில்லை. பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகள் டியூஷன் வகுப்புக்குப் பயன்படுத்தினார்கள். தென்மேல் மழை ஓய்ந்த பின் குழாயைத் திறந்து பார்த்தோம். உள்ளே காய்ந்துதான் இருந்தது, இணைப்புகளில் பச்சை இல்லை. வடிகால் ஓட்டை வழியாக எறும்பு ஏறிக் கூடு கட்ட ஆரம்பித்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு, ஓட்டையின் மேல் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டி, மறுபடி 18 பாகைக்கு இறுக்கினோம்.